பிரமிடு ஏறப் பணம் கட்டிய கதை

அந்த அரங்கின் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு முக்கோணம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். ஐந்து அடுக்கு, ஐந்து நிறம். அடியில் உடல் தேவைகள், அதன் மேல் பாதுகாப்பு, பிறகு அன்பும் உறவும், அதற்கு மேல் மதிப்பு, உச்சியில் மஞ்சளில் ‘செல்ஃப் ஆக்சுவலைசேஷன்’, அதாவது தன் ஆற்றல் முழுசாக மலர்வது. பயிற்சியாளர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்க நாலாவது படியில சிக்கிக்கிட்டு நிக்கறீங்க” என்றார். நாற்பது பேர் முன்னால். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்னதான் பிரச்சினை என்று எனக்கே தெரியாமல் ஏழெட்டு வருடம் ஓடியிருந்தது. ஒருவர் வந்து, விலாசம் சொல்வதுபோல நான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டாரே என்று நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சியின் கணக்கு இது: பதினான்கு மாதங்கள், ஐந்து மாதச் சம்பளம், பார்த்துக்கொண்டிருந்த வேலை, அக்காவோடு ஒன்பது மாதம் பேச்சில்லாமல் போனது. இதையெல்லாம் முன்பே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல யாரும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து. கணக்குப் பிரிவில் வேலை. கடன் இல்லை, நோய் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாததுதான் குறை. காலையில் எழுந்தால், வேறு யாருடைய நாளையோ அவருக்குப் பதிலாக நான் கழித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். உடன் வேலை பார்த்த ஒருவர், “ரெண்டே நாள்தான், போய்ட்டு வாங்க, ஆளே மாறிடுவீங்க” என்று ஓர் ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்கின் இணைப்பை அனுப்பினார். (ஆள் சேர்த்துவிட்டால் அவருக்கு அடுத்த நிலைக்கான கட்டணத்தில் கழிவு உண்டு என்பது பின்னால் தெரிந்தது.) அறிவிப்பில் மாஸ்லோ, ரோஜர்ஸ் என்று உளவியல் அறிஞர்களின் பெயர்கள் இருந்தன. ‘மனிதநேய உளவியல் அடிப்படையில்’ என்று போட்டிருந்தார்கள். கல்லூரியில் ஒரு தாளுக்காக மனப்பாடம் செய்த பெயர்கள். பெயர் பெரியதாக இருந்தால் சரக்கும் அவர்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் நாள் நன்றாகவே இருந்தது. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் இருபது நிமிடம் பேச வேண்டும், மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்றார்கள். என் வாழ்க்கையில் யாரும் என்னை இருபது நிமிடம் முழுசாகக் கேட்டதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. எதிரில் இருந்தவர் முன்பின் தெரியாதவர். அவரிடம் நான் சொன்னவற்றில் பாதி எனக்கே புதிதாக இருந்தன. இரண்டாம் நாள் மாலை, எல்லோரும் அழுது சிரித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த நிலைக்கான படிவம் கைக்கு வந்தது. இன்று இரவு பதிவு செய்தால்தான் இந்தக் கட்டணம், நாளை இரட்டிப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது நீட்டப்படும் படிவத்தை வாங்கிப் பையில் வையுங்கள், பதினைந்து நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். ‘இன்றிரவு மட்டும்’ என்று எவராவது சொன்னால், அது உங்கள் வளர்ச்சிக்கான அவசரம் அல்ல.

இரண்டாம் நிலை நான்கு மாதம், வார இறுதிகளில். தொடக்கத்தில் அறுபது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். எனக்கு 58 சதவீதம் வந்தது. 75 வந்தால்தான் மூன்றாம் நிலைக்கு அனுமதி. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து இத்தனை வருடம் கழித்தும் மதிப்பெண் என்றதும் எனக்குள் இருந்த பழைய மாணவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். எப்படியாவது 75 எடுத்தே ஆக வேண்டும். என்ன பதில் எழுதினால் மதிப்பெண் ஏறும் என்று இரண்டாம் மாதமே பிடிபட்டுவிட்டது. ‘மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படுகிறேன்’ என்ற வரிக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று எழுத வேண்டும். மற்றவர் மெச்ச வேண்டும் என்பதற்காகவே, மற்றவர் மெச்சுவதைப் பொருட்படுத்தாதவன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இதிலிருந்த வேடிக்கை அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்கா விஷயம் இங்கேதான் வருகிறது. ‘உங்களுக்கு நிபந்தனையோடு அன்பு காட்டியவர் யார்’ என்று ஒரு பயிற்சி. எனக்குப் பத்து வயது மூத்தவர் அக்கா. அம்மா வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தது பாதி அவர்தான். தினமும் மாலையில் சொல்வதெழுதுதல் வைப்பார். பிழை இல்லாமல் எழுதினால்தான் விளையாடப் போகலாம். இதை ஏதோ சிரிப்புக் கதையாகத்தான் சொன்னேன். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. “அங்கதான் உங்க ஆணிவேர் அழுகியிருக்கு” என்றார். அந்த உறவை ‘அறுத்துவிட்டு’ வந்தால்தான் மேலே போக முடியும் என்று குழுவே சேர்ந்து சொன்னது. அன்றிரவே, உன் அன்பு நிபந்தனைகள் நிறைந்தது, அது என் ஆளுமையைச் சிதைத்துவிட்டது, இனி நாம் பேச வேண்டாம் என்று அக்காவுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். அடுத்த நாள் வட்டத்தில் நின்று அதைப் படித்துக் காட்டியபோது கைதட்டினார்கள். அக்காவிடமிருந்து பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து வேலையையும் விட்டேன். அது ‘பாதுகாப்புத் தேவையின் சங்கிலி’யாம். சங்கிலியை அறுத்த கையோடு சேமிப்பிலிருந்து மூன்றாம் நிலைக்குக் கட்டினேன்.

மூன்றாம் நிலையைப் பற்றி விரிவாக எழுத இன்னும் தைரியம் வரவில்லை. சுருக்கமாகச் சொன்னால், ஒருவரை நடுவில் உட்காரவைத்து, மற்றவர்கள் அவரைப் பற்றி ‘நேர்மையாக’ப் பேசுவார்கள். நள்ளிரவு தாண்டியும் போகும். அழுதால் முன்னேற்றம், எழுந்து போனால் ‘எதிர்ப்பு’. ஒரு பெண் மூச்சு வாங்கி நடுங்கினார், அதையும் எதிர்ப்பு என்றார்கள். உள்ளே நடப்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். என் முறை வந்தபோது நான் போலி, கோழை, உச்சியைத் தொடவே முடியாதவன் என்று மூன்று மணி நேரம் கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் போய்விட்டது. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். ஒரு கட்டத்தில் காலையில் எழுவதற்கே காரணம் தெரியவில்லை. இந்த மாதிரிக் குழுக்கள் ஆளை நொறுக்கக்கூடும் என்பது புதிய செய்தியே இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். லீபர்மன், யாலோம், மைல்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களை வைத்து இப்படிப்பட்ட சந்திப்புக் குழுக்களை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நீடித்த மனப் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. ஆளைச் சீண்டி, நெருக்கி, தன் கவர்ச்சியால் குழுவை ஆட்டிவைக்கும் தலைவர்கள் இருந்த குழுக்களில்தான் சேதம் அதிகம். நான் மூன்றாம் நிலைக்குப் பணம் கட்டியபோது அந்த ஆய்வு வெளிவந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

ஆகவே எந்தக் குழுவில் சேர்வதானாலும் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். நடத்துபவருக்கு உளவியலில் என்ன படிப்பு, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார்? ஒருவர் உடைந்துபோனால் அங்கே கவனிக்கத் தகுதியுள்ள ஆள் யார்? நடுவில் எழுந்து போக எனக்கு உரிமை உண்டா? விலகினால் பணம் எவ்வளவு திரும்பும்? கேட்டதற்கே ‘நீங்கள் மனம் திறக்கத் தயாராக இல்லை’ என்று பதில் வந்தால் வேலை சுலபம், திரும்பி வந்துவிடலாம். பக்கத்தில் இருப்பவர் சொன்னதை வெளியே சொல்லாதே என்பது நியாயமான விதி. உனக்கு நடந்ததை உன் வீட்டில்கூடச் சொல்லாதே என்பது வேறு விதி.

தூக்கமின்மைக்காகப் பார்த்த மருத்துவர் மாத்திரையும் கொடுத்து, ஒரு கவுன்சலரிடமும் அனுப்பினார். முதல் நாள் நான் போய் உட்கார்ந்ததும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்: நான் நாலாவது படி, 75 சதவீதம் எடுத்தும், உறவை அறுத்தும் உச்சிக்குப் போக முடியவில்லை. அந்த அம்மா எந்தப் படி என்று கேட்கவே இல்லை. கொஞ்சம் இருந்து, “நீங்க எவ்வளவு கொடுத்தும் போதலைன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க” என்றார். அவ்வளவுதான். “நான் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க” என்றேன். “யாராவது சொல்லிட்டா நல்லா இருக்கும்னு இருக்கு, இல்லையா?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரே என்று. மூன்று வாரம் கழித்து அவரிடமே அதைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை, தன்னை நியாயப்படுத்தவும் இல்லை. “இங்க வந்து கோபப்பட முடிஞ்சிருக்கு” என்றார். குழுவில் ஒரு வருடமாக நான் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை என்பது பேருந்தில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றிரவு ஆறு மணி நேரம் தூங்கினேன்.

பிறகுதான் தெரிந்தது, அவர் செய்தது கார்ல் ரோஜர்ஸ் வகுத்த முறை. சுவரில் முக்கோணம் ஒட்டியவர்கள் யார் பெயரைச் சொல்லி வசூலித்தார்களோ, அவர் இவர்தான்! நோயாளி என்ற சொல்லையே தவிர்த்து, வருபவரைக் ‘கிளையன்ட்’ என்றவர். ஆளுமையில் மாற்றம் வர உறவில் என்னென்ன வேண்டும் என்று 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் கேட்பவர் பக்கம் மூன்று இருக்கின்றன: உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது, எதிரில் இருப்பவரை நிபந்தனை வைக்காமல் ஏற்பது, அவர் உலகத்தை அவர் இடத்திலிருந்து உணர்வது. படி இல்லை, மதிப்பெண் இல்லை. கவுன்சலரைத் தேடுபவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். இரண்டு மூன்று தடவை போன பிறகு, ‘இவரிடம் இவரைப் பற்றியே குறை சொல்ல முடியுமா’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியும் என்று தோன்றினால் இருங்கள். சொன்னதைக் கிளிபோலத் திருப்பிச் சொல்வதும் இந்த முறை அல்ல. தன் முறையை அப்படிச் சுருக்கிவிட்டார்களே என்று ரோஜர்ஸே நொந்துகொண்டார். நீங்கள் சொன்னதைவிட ஒரு நூல் ஆழமாக அது உங்களிடம் திரும்பி வர வேண்டும். வந்தால் உங்களுக்கே தெரியும்.

தூக்கம் திரும்பியதும் ஒரு வெறியோடு படித்தேன். பயிற்சியாளரை மனதுக்குள் வாதத்தில் தோற்கடிக்கத்தான் தொடங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆபிரகாம் மாஸ்லோ தேவைகளின் படிநிலையை எழுதியது 1943இல். அந்தக் கட்டுரையில் முக்கோணமே இல்லை! பிரமிடு வடிவம் பின்னால் நிர்வாகவியல் எழுத்தாளர்கள் கொண்டுவந்தது. ஒரு படி முழுசாக நிறைந்தால்தான் அடுத்தது என்றும் அவர் சொல்லவில்லை. சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, தன் ஆற்றல் மலர்வது 10 என்ற அளவில் நிறைந்திருக்கலாம் என்று ஓர் உதாரணத்துக்காக, தானே இட்ட எண்களாக, கொடுக்கிறார். அதாவது எல்லாரும் எல்லாப் படியிலும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சம் நிற்கிறோம். ‘நாலாவது படியில் சிக்கியவன்’ என்று ஓர் ஆள் இருக்கவே முடியாது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனைக்கும் முழுமையாக மலர்ந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று நினைத்தவர் மாஸ்லோ. அவர்களிடமும் பிடிவாதம், கடுமை, வீண்பெருமை எல்லாம் உண்டு என்று எழுதிவைத்தவரும் அவரே. பதினெட்டு வார இறுதிகளில் உச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்பதை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ரோஜர்ஸிடம் எனக்கு ஒட்டிக்கொண்டது ஓர் உருளைக்கிழங்கு. அவர் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். குளிர்காலத்துக்காக நிலவறையில் போட்டுவைத்த கிழங்குகள், மேலே இருக்கும் சின்னச் சன்னலின் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டும் என்று நினைவுகூர்கிறார். அவை செடியாகப் போவதில்லை. ஆனாலும் முயல்கின்றன. மனிதர்களும் அப்படித்தான், கோணலாக வளர்ந்தவர்கள்கூட அவரவர் இருட்டில் வெளிச்சத்துக்குத்தான் முண்டியிருக்கிறார்கள் என்பது அவர் பார்வை. ‘இப்படி இருந்தால்தான் நீ நல்லவன்’ என்று மற்றவர் வைக்கும் மதிப்பு நிபந்தனைகள் சேரச் சேர, குழந்தை தன் உணர்வை நம்புவதை விட்டுவிட்டு அந்த நிபந்தனைகளை நம்பத் தொடங்குகிறது என்கிறார். படித்ததும் முதலில் அக்காவின் சொல்வதெழுதுதல்தான் ஞாபகம் வந்தது. பயிற்சியாளர் முழுப் பொய் சொல்லவில்லை, அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் விளையாட விடாத அக்கா, நான் பிழையாக எழுதிய நாட்களிலும் தலைவாரிவிட்டார், காய்ச்சலில் பக்கத்தில் படுத்தார். 75 எடுக்காவிட்டால் உனக்கு இங்கே இடமில்லை என்று சொன்னது யார்? இந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

கவுன்சலர் ஒருநாள் அட்டைப் பயிற்சி ஒன்று சொன்னார். வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம், செலவில்லை. ‘எனக்குச் சட்டென்று கோபம் வரும்’, ‘என் முடிவை நானே எடுப்பேன்’ என்று முப்பது நாற்பது வரிகளைத் துண்டுத் தாள்களில் எழுதி, என்னைப் போலவே இருப்பது முதல் என்னோடு ஒட்டாதது வரை வரிசைப்படுத்த வேண்டும். அடுத்த வாரம் அதே தாள்களை ‘நான் இருக்க விரும்பும் ஆள்’ என்று மறுபடி அடுக்க வேண்டும். ரோஜர்ஸின் குழுவினர் 100 அட்டைகளை வைத்து இதைச் செய்து 1954இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆலோசனைக்கு வந்தவர்களிடம் இரண்டு அடுக்குகளுக்கும் இடையிலான ஒட்டுறவு (முழுசாகப் பொருந்தினால் 1, தொடர்பே இல்லையென்றால் பூச்சியம்) தொடக்கத்தில் ஏறக்குறைய பூச்சியம், முடிவில் 0.34. ஆலோசனை தேவைப்படாத ஒப்பீட்டுக் குழுவினரிடமே அது 0.58தான். எனக்கு மிகப் பெரிய ஆறுதல் அந்த 0.58. இருக்கும் நானும் விரும்பும் நானும் ஒன்றாகப் பொருந்திய ஆள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ‘மற்றவர்கள்’ யாருமே முழுசாகப் பொருந்தியவர்கள் இல்லை. என் அடுக்குகளில் இன்னொன்றும் தெரிந்தது. ‘விரும்பும் நான்’ அடுக்கின் மேலே இருந்த அட்டைகளில் பாதி, பயிற்சியாளர் அடிக்கடி சொன்ன வாக்கியங்கள். அவற்றை எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினேன்.

இதற்காக ரோஜர்ஸையும் மாஸ்லோவையும் சாமியாக்கிவிடவில்லை. சந்திப்புக் குழுக்களை ஆர்வத்தோடு வளர்த்தவர்களில் ரோஜர்ஸும் ஒருவர், அந்தப் பங்கை மறைக்க முடியாது. மாஸ்லோ தனக்குப் பிடித்த பெரிய மனிதர்களைத் தானே பொறுக்கியெடுத்து, அவர்களுடைய குணங்களையே மலர்ந்த ஆளுமையின் குணங்கள் என்று பட்டியலிட்டார். இது சுற்றிவந்து அதே இடத்தில் நிற்கும் வாதம் என்ற விமர்சனம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ‘உனக்குள்ளே இருக்கும் உண்மையான நீ’ என்பதை அளப்பது எப்படி என்பதற்கும் நல்ல விடை இல்லை. அப்படி வழவழவென்று இருப்பதால்தான் யார் வேண்டுமானாலும் அதை எடுத்து விற்க முடிகிறது. இன்னொன்று, காதுகொடுத்துக் கேட்கும் ஆலோசனை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. தூக்கமே இல்லை, எடை குறைகிறது, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நான் மாத்திரை எடுத்துக்கொண்டே கவுன்சலிங் போனேன். ‘மாத்திரை உங்கள் இயல்பான வளர்ச்சியைத் தடுக்கும்’ என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி இரண்டு மாதம் தள்ளிப்போட்டதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம்.

பணத்துக்கு இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. ரசீதுகள் எல்லாவற்றையும் வைத்திருந்ததால் நுகர்வோர் புகார் ஒன்று கொடுத்திருக்கிறேன், அது நடந்துகொண்டிருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கு. காலைகளில் பழைய வெறுமை இன்னும் சில நாள் வரும். வந்தால் வரட்டும் என்று விடுகிறேன், அதற்கு எந்தப் படி என்று பார்ப்பதில்லை.

அக்காவுக்குப் போன் செய்ய எனக்கு ஆறு வாரம் ஆனது. என்ன பேசுவது என்று தாளில் எழுதிவைத்திருந்தேன், எடுத்ததும் தாள் மறந்துபோனது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் அந்தச் செய்தியை அழித்துவிடச் சொன்னேன். மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டேன்.

“நிபந்தனைக்கு மூணு சுழி ‘ண’ போட்டிருக்கேடா. நாலு இடத்துல. வந்து திருத்தி எழுதிட்டுப் போ.”